வேதியியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ரேடியம் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். தமிழில் அறிவியல் பாடநூல் எழுதுகிறவர்கள், அதைச் சரிபார்க்கிறவர்கள், துணைநூலும் வினாத்தாளும் தயாரிக்கிறவர்கள் எல்லாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பேசப்போவது ஒரே ஒரு தனிமத்தைப் பற்றி. அதுவும் ஒரு மாணவன் கேட்ட கேள்வியால்.

எங்கள் ஊர்ப்பக்கம் லாரித் தொழில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். பாடி கட்டும் பட்டறை, பெயின்ட் அடிக்கும் இடம், அதை ஒட்டியே ஸ்டிக்கர் கடை. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் வண்டிக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று பளபளக்கும் பட்டை ஒட்ட வேண்டும். அந்தப் பட்டைக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கும் பெயர் ரேடியம். கடைப் பலகையிலேயே ‘ரேடியம் ஒர்க்ஸ்’ என்று எழுதியிருக்கும்.

காரமண் உலோகங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். கடைசியாக ரேடியம், அது கதிரியக்கத் தனிமம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். எப்போதும் அப்படித்தான் போவேன். வகுப்பு முடிந்து நான் அறைக்கு வந்ததும் ஒரு பையன் வாசலில் நின்றான். அவனுடைய அண்ணன் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். இவனும் சாயங்காலம் அங்கே போய் வேலை பார்ப்பான்.

“மிஸ், ரேடியம் கதிரியக்கம்னு சொன்னீங்கள்ல? எங்க அண்ணன் பத்து வருஷமா அதத்தான் வெட்டுறான். பின்னாடி இருக்கற பேப்பரைப் பல்லால கடிச்சுதான் உரிப்பான். அவனுக்கு ஏதாவது ஆயிடுமா மிஸ்?”

பையனின் முகம் வெளிறியிருந்தது. அந்தப் பட்டையில் ரேடியம் ஒரு துளிகூட இல்லை என்று சொன்னேன். அதற்குள் இருப்பவை நுண்ணிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டகங்கள். முகப்பு விளக்கின் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதற்குச் சொந்த ஒளி கிடையாது, கதிரியக்கமும் கிடையாது. பையன் மூச்சு விட்டான். போகப் போனவன் திரும்பி, “அப்போ ஏன் மிஸ் அதுக்கு ரேடியம்னு பேரு வச்சாங்க?” என்றான்.

எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நான் பள்ளியில் படித்தபோது ரேடியம் என்றால் ஒரு மதிப்பெண் கேள்வி. கண்டுபிடித்தவர் யார்? மேரி கியூரி. பயன் என்ன? புற்றுநோய் சிகிச்சை. அந்த இரண்டு வரியோடுதான் நான் முதுநிலைப் பட்டமும் வாங்கினேன், ஆசிரியரும் ஆனேன். அதற்கப்புறம் சில மாதங்கள் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த இரண்டு வரியையே நானும் பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேனே என்று வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

என் கோரிக்கை இதுதான்: ரேடியத்தின் பண்புகளையும் ரேடியத்தால் செத்தவர்களின் கதையையும் ஒரே பாடமாக எழுதுங்கள். அவை உண்மையிலேயே ஒரே பாடம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

தனிம அட்டவணையில் ரேடியம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அணு எண் 88. இரண்டாம் தொகுதியில் கால்சியம், அதன் கீழே ஸ்ட்ரான்சியம், அதன் கீழே பேரியம், அதன் கீழே ரேடியம். ஒரே தொகுதியில் இருப்பவை ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நாம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு எலக்ட்ரானை இழந்து இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனியாகும், நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜனும் தரும், சல்ஃபேட் நீரில் கரையாது என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்த ஒற்றுமைதான் ரேடியத்தைக் கண்டுபிடிக்க உதவியது. தொழிலாளர்களின் எலும்புக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதே ஒற்றுமைதான்.

கண்டுபிடிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பொஹீமியாவில், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியின் கீழ் இருந்த யோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்தில் பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்புத் தாது கிடைத்தது. அதிலிருந்து யுரேனியத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவைத்திருந்தார்கள். யுரேனியத்தைவிட அந்தத் தாதுவில் கதிரியக்கம் கூடுதலாக இருந்தது. அப்படியானால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்பது மேரி கியூரியின் ஊகம். 1898 ஜூலையில் பொலோனியத்தை அறிவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி மேரி, பியர் கியூரி, குஸ்தாவ் பெமோன் மூவரும் ரேடியத்தை அறிவித்தார்கள். அந்தப் புதுப் பொருள் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே தொகுதி அல்லவா, எங்கே பேரியம் போனாலும் அதுவும் கூடவே போனது.

பிரிப்பது எப்படி? ரேடியம் குளோரைடு பேரியம் குளோரைடைவிடச் சற்றே குறைவாகக் கரையும். அந்தச் ‘சற்றே’யைப் பிடித்துக்கொண்டு மேரி கியூரி கரைத்தார், படிகமாக்கினார், மறுபடி கரைத்தார், மறுபடி படிகமாக்கினார். பாரிஸில் ஒழுகும் கூரை போட்ட ஒரு கொட்டகையில், டன் கணக்கான கழிவோடு இது நடந்தது. 1902-இல் கையில் கிடைத்தது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒரு குன்றிமணி எடை. பின்னப் படிகமாக்கல் என்று நாம் செய்முறைத் தலைப்பாக மட்டும் நடத்துகிறோமே, அந்த முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உலோகமாகப் பார்க்க இன்னும் எட்டு ஆண்டு ஆனது. 1910-இல் மேரி கியூரியும் ஆந்த்ரே தெபியெர்னும் ரேடியம் குளோரைடுக் கரைசலைப் பாதரச மின்முனை வைத்து மின்னாற்பகுப்பு செய்தார்கள். பாதரசத்தோடு கலந்து வந்ததை ஹைட்ரஜன் சூழலில் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். மிஞ்சியது வெள்ளிபோல் மின்னும் உலோகம். காற்றுப் பட்டதும் கறுத்துவிட்டது. அதன் உருகுநிலை சுமார் 700 டிகிரி செல்சியஸ். ரேடியத்தின் உப்புகள் புதிதாக இருக்கும்போது வெள்ளை. நாளாக ஆகத் தன் கதிர்வீச்சாலேயே மஞ்சளாகும். சுடரில் காட்டினால் சிவப்பு.

எத்தனை அரிது என்பதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். ‘அரிய தனிமம்’ என்று மட்டும் எழுதிவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம் 1600 ஆண்டுகள். களப்பிரர் காலத்தில் ஒருவர் ஒரு கிராம் வைத்திருந்தால் இன்றைக்கு அது அரைக் கிராம். பூமியின் வயதோடு ஒப்பிட்டால் 1600 ஆண்டு ஒன்றுமே இல்லை. பூமி உருவானபோது இருந்த ரேடியம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இன்று இருப்பது யுரேனியமும் தோரியமும் மெல்ல மெல்லச் சிதையும்போது புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பது. பிறக்கும் வேகமும் சிதையும் வேகமும் சமமாகும் இடத்தில் அளவு நின்றுவிடும். அதனால்தான் பழைய தாதுவில் ஒரு டன் யுரேனியத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிராம் ரேடியம், அதற்கு மேல் இருக்காது. இந்தச் சமநிலையை வகுப்பில் தண்ணீர்த் தொட்டி வைத்து விளக்கிப் பார்த்தேன். மேலே குழாய் சன்னமாக ஒழுகுகிறது, கீழே ஓட்டை, தொட்டியில் மட்டம் அப்படியே நிற்கிறது. ஒரு கேள்விகூட வரவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அந்தச் சிதைவு சும்மா நடப்பதில்லை. ஒரு கிராம் ரேடியத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 3,700 கோடி அணுக்கள் சிதைகின்றன. இதைத்தான் ‘ஒரு கியூரி’ என்று அலகாக வைத்தார்கள். ஒவ்வொரு சிதைவிலும் ஓர் ஆல்ஃபா துகள் வெளியே பாய்கிறது, ரேடான் என்ற வாயு பிறக்கிறது. ரேடானும் கதிரியக்கம் கொண்டது. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். அங்கிருந்து தொடர்ந்து சிதைந்து கடைசியில் ஈயத்தில் போய் நிற்கும். வெப்பமும் வருகிறது. தன் எடைக்கு மேலான பனிக்கட்டியை ஒரே மணி நேரத்தில் உருக்கும் அளவு வெப்பம் என்று 1903-இல் பியர் கியூரியும் அல்பேர் லபோர்தும் அளந்து காட்டினார்கள். எரியாமல், எதனோடும் சேராமல், ஆண்டாண்டாகச் சூடாகவே இருக்கும் ஒரு பொருள். அன்றைக்கு அது எத்தனை பெரிய அதிசயமாக இருந்திருக்கும்!

சரி, இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

ரேடியம் இருட்டில் பச்சையாக ஒளிரும் என்று பல துணைநூல்களில் படித்திருக்கிறேன். தயவுசெய்து இனி அப்படி எழுதாதீர்கள். ரேடியம் உப்பு தானாகத் தருவது மங்கலான நீல ஒளி. பச்சை ஒளி துத்தநாக சல்ஃபைடு தருவது. ரேடியத்தின் ஆல்ஃபா துகள் துத்தநாக சல்ஃபைடில் மோதும்போது அது ஒளிரும். இரண்டையும் பசையோடு குழைத்தால், வெயிலில் காட்டாமலே இரவெல்லாம் ஒளிரும் வண்ணம் கிடைத்தது. கடிகார எண்களுக்கும் முட்களுக்கும் அதைத் தீட்டினார்கள். ‘ரேடியம் வாட்ச்’ என்ற பெயர் அப்படி வந்தது. நம் தாத்தாக்களும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பிறகு இரவில் பளிச்சென்று தெரிகிற எதற்கும், லாரியில் ஒட்டும் பட்டைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்த வண்ணத்தைத் தீட்டியவர்கள் யார் என்பதை என்னுடைய எந்தப் பாடநூலும் சொன்னதில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களின் கைக்கடிகாரத்துக்கும் விமானக் கருவிகளுக்கும் ஒளிரும் எண்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்ச் நகரிலும், கனெக்டிகட்டில் வாட்டர்பரியிலும், பிறகு இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவாவிலும் பட்டறைகள் நடந்தன. தீட்டியவர்கள் இளம் பெண்கள். பதின்வயதுப் பெண்கள் நிறையப் பேர். அக்கா வேலைக்குப் போனால் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனாள். எண்கள் மிகச் சிறியவை. ஒட்டக முடித் தூரிகையின் முனை பிசிறாமல் கூராக இருக்க வேண்டும். நாம் ஊசியில் நூல் கோர்க்கும்போது நூல் நுனியை உதட்டில் வைத்து நனைத்துக் கூராக்குவோமே, அதேபோல் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உதடு, வண்ணம், எண். மறுபடி உதடு. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை என்று நினைத்துப் பாருங்கள்.

இது உடம்புக்குக் கெடுதலா என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. அதே நிறுவனத்தில் ரேடியத்தைக் கையாண்ட வேதியியலாளர்கள் ஈயத் தடுப்பும் இடுக்கியும் வைத்து வேலை பார்த்தார்கள். இதை என் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ரேடியம் அப்போது ஊரெல்லாம் மருந்தாகவும் விற்றது. அதனால் உடம்புக்கு நல்லதுதான் என்றே அந்தப் பெண்கள் நம்பினார்கள். விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டார்கள். வேலை முடிந்து இருட்டில் வீட்டுக்குப் போகும்போது துணியும் தலைமுடியும் மின்னின.

அப்புறம் பல் ஆடியது. பல்லைப் பிடுங்கினால் புண் ஆறவில்லை. தாடை எலும்பு துண்டு துண்டாக வந்தது. ஆரஞ்ச் பட்டறையில் வேலை பார்த்த மோலி மாகியா என்ற பெண் 1922 செப்டம்பரில் இறந்தார். இறப்புச் சான்றில் பால்வினை நோயான சிபிலிஸ் என்று எழுதினார்கள். ஒரு பெண்ணின் சாவை மறைக்க எதை எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். 1927-இல் அவர் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்பில் கதிரியக்கம் இருந்தது. சிபிலிஸின் தடயமே இல்லை. அவருடைய சகோதரிகள் குவிண்டா, அல்பினா இருவரும் அதே பட்டறையில் வேலை பார்த்தவர்கள், அதே நோயில் விழுந்தவர்கள்.

ஏன் எலும்பு? இங்கேதான் நம் அட்டவணை வருகிறது. ரேடியத்தின் அயனியை உடம்பு கால்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது. விழுங்கியதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். ரத்தத்தில் சேர்ந்ததில் ஒரு பங்கு எலும்பிலும் பல்லிலும் போய்ப் படியும், படிந்தது எளிதில் வெளியே வராது. ஆல்ஃபா துகள் ஒரு தாளைக்கூடத் தாண்டாது என்று நாம் சொல்லித் தருகிறோம். உண்மைதான், வெளியே இருக்கும்வரை. எலும்புக்குள் உட்கார்ந்துவிட்டால், தாண்டிப் போக முடியாத அந்த ஆற்றல் முழுவதும் பக்கத்துச் செல்களிலேயே இறங்கும். 1600 ஆண்டு அரை ஆயுட்காலம் என்பதால் ஒரு மனித ஆயுளில் அது தீரப்போவதும் இல்லை. உயிரோடு இருந்தவர்களின் மூச்சைச் சோதித்தபோது அதில் ரேடான் வந்தது. நியூவார்க்கில் மருத்துவப் பரிசோதகராக இருந்த ஹாரிசன் மார்ட்லாண்ட் 1925-இல் இதை மருத்துவ இதழில் எழுதினார்.

அயனியின் சுமை, தொகுதி ஒற்றுமை, ஆல்ஃபா துகளின் ஊடுருவும் திறன், அரை ஆயுட்காலம், சிதைவில் பிறக்கும் வாயு. நாம் தனித்தனி அலகாகப் பிரித்து நடத்தும் இத்தனையும் ஒரு பெண்ணின் தாடை எலும்பில் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. பண்புகளின் கட்டம் போட்ட பட்டியலை ஒருபுறமும் சமூகக் கதையை மறுபுறம் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டியிலும் வைப்பது ஏன் தவறு என்று நான் நினைக்கிறேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

வழக்கும் எளிதில் நடக்கவில்லை. அதே ஆரஞ்ச் பட்டறையில் வேலை பார்த்த கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணுக்கு வழக்கறிஞர் கிடைக்கவே இரண்டு ஆண்டு ஆனது. ரேமண்ட் பெரி என்ற இளம் வழக்கறிஞர் 1927-இல் முன்வந்தார். கிரேஸ், எட்னா ஹஸ்மன், கேத்ரின் ஷாப், குவிண்டா மக்டொனால்ட், அல்பினா லாரிஸ் ஆகிய ஐந்து பேர் வழக்குத் தொடுத்தார்கள். பாதிப்பு நடந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று நிறுவனம் வாதாடியது. எலும்பில் படிந்து பல ஆண்டு கழித்து வெளிப்படும் நோய்க்கு அந்தக் கெடு எப்படிப் பொருந்தும்? 1928 ஜூனில் சமரசம் ஆனது. ஆளுக்குப் பத்தாயிரம் டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. ஹார்வர்டிலிருந்து வந்த சிசில் டிரிங்கர் 1924-லேயே பட்டறையைப் பார்த்துவிட்டு அபாயத்தை எழுதிக் கொடுத்திருந்தார் என்பதும், நிறுவனம் அதை வெளியிடாமல் அரசின் தொழிலாளர் துறைக்குத் திரித்துச் சொன்னது என்பதும் பதிவாகியிருக்கிற செய்திகள். அந்த வண்ணத்தை உருவாக்கிய சபின் வான் சொஹோட்ஸ்கியும் 1928-இல் ரேடியத்தாலேயே செத்தார்.

இல்லினாயில் இன்னும் பத்து ஆண்டு போனது. 1938-இல், ஒட்டாவா பட்டறையில் வண்ணம் தீட்டிய கேத்ரின் டோனஹ்யூ எழுந்து உட்கார முடியாத நிலையில், தன் வீட்டில் படுத்தபடியே சாட்சி சொன்னார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்த ஜூலையிலேயே இறந்துபோனார். நிறுவனம் மேல்முறையீடு மேல் மேல்முறையீடாகப் போய், 1939-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்த பிறகுதான் முடிந்தது.

இந்தப் பெண்களால் உலகத்துக்கு ஒரு எண் கிடைத்தது. அந்தத் தொழிலாளர்களையும், ரேடியம் கலந்த நீரை மருந்தென்று குடித்தவர்களையும் இயற்பியலாளர் ராப்லி எவன்ஸ் போன்றவர்கள் ஆராய்ந்தார்கள். அதன் பலனாக 1941-இல் அமெரிக்காவில் உடம்புக்குள் இருக்கலாம் என்ற உச்ச அளவு வகுக்கப்பட்டது: 0.1 மைக்ரோகிராம் ரேடியம். அதாவது ஒரு கிராமில் ஒரு கோடியில் ஒரு பங்கு. பிறகு புளூட்டோனியத்தோடு வேலை பார்த்தவர்களுக்கான வரம்பையும் இந்த அனுபவத்தை வைத்துத்தான் யோசித்தார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் என்று பாடத்தில் எழுதும்போது அவை யாருடைய எலும்பை அளந்து வந்தவை என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

மேரி கியூரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் மீது எனக்கு அளவில்லாத மதிப்பு. பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்காமல் விட்டவர். பிற்பாடு ஆய்வுக்கு ரேடியம் இல்லாமல் போய், 1921-இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி வாங்கிய ஒரு கிராம் ரேடியத்தை வெள்ளை மாளிகைக்குப் போய்ப் பெற்றுக்கொண்டவர். அந்த ஒரு கிராமின் விலை ஒரு லட்சம் டாலர். 1934-இல் ரத்த உற்பத்தி நின்றுபோகும் நோயில் இறந்தார். அவருடைய குறிப்பேடுகள் இன்னும் கதிரியக்கத்தோடு இருப்பதால் ஈயப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அறிவியலுக்காகச் செய்த தியாகம் என்று எழுதுகிறோம். எழுதுங்கள். ஆனால் ஆரஞ்ச் நகரத்துப் பெண்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் எதையும் தியாகம் செய்யவில்லை. கேட்டார்கள், பொய் சொல்லப்பட்டது.

பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கும் முதலில் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் இதே பாடத்தில் நம்பிக்கை தரும் பகுதியும் இருக்கிறதே. 1901-இல் பியர் கியூரி தன் கையிலேயே ரேடியத்தைக் கட்டிவைத்துப் புண்ணாக்கிக்கொண்டார். சதையை அழிக்கிறதென்றால் புற்றுக்கட்டியையும் அழிக்குமே என்று மருத்துவர்கள் யோசித்தார்கள். ரேடியம் ஊசிகளும் குழாய்களும் பல ஆண்டு புற்றுநோய்க்குப் பயன்பட்டன. பிறகு கோபால்ட்-60, சீசியம்-137 போன்றவை அந்த இடத்தைப் பிடித்தன. ‘ரேடியத்தின் பயன்: புற்றுநோய் சிகிச்சை’ என்று நிகழ்காலத்தில் எழுதுவது பழைய செய்தி. அதே சமயம் முழுக்கப் பழசும் இல்லை. 2013-இல் அமெரிக்காவில் ரேடியம்-223 மருந்தாக ஒப்புதல் பெற்றது. எலும்புக்குப் பரவிய ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு அதை ஊசியாகப் போடுகிறார்கள். அதன் அரை ஆயுட்காலம் 11.4 நாள்தான். கால்சியம்போல் எலும்பைத் தேடிப் போகும், ஆல்ஃபா துகள் அருகில் இருக்கும் செல்லை மட்டும் தாக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். மோலியைக் கொன்ற அதே இரண்டு பண்புகள், வேறு ஐசோடோப்பில் (அதே தனிமத்தின் வேறு எடை கொண்ட அணுவில்), மருந்தாகியிருக்கின்றன. இதைச் சொன்ன அன்று என் வகுப்பில் ஒரு பெண் ஐசோடோப்பு என்றால் என்ன என்று தானாகவே எழுந்து விளக்கினாள்.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியம் சிதையும்போது முதலில் பிறப்பது ரேடியம்-228. ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ஹான் 1907-இல் கண்டறிந்து ‘மீசோதோரியம்’ என்று பெயர் வைத்தது இதைத்தான். கடிகார வண்ணத்திலும் ரேடியம்-226-உடன் மீசோதோரியத்தைக் கலந்தார்கள். யுரேனிய வழியில் ஒரு ரேடியம், தோரிய வழியில் இன்னொரு ரேடியம் என்று சிதைவுத் தொடரைச் சொல்லித் தர இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது.

இடம் இல்லை என்பீர்கள். பக்கக் கணக்கின் நெருக்கடி எனக்கும் தெரியும். கேட்பது மூன்று பக்கம்தான். உருகுநிலையும் அடர்த்தியும் கொண்ட கட்டத்தைச் சுருக்கினாலே அரைப் பக்கம் கிடைக்கும். தேர்விலும் கண்டுபிடித்தவர் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, ‘விழுங்கிய ரேடியம் ஏன் எலும்பில் படிகிறது?’ என்று கேளுங்கள். பாடத்தைப் படித்த பிள்ளை எழுதிவிடும். பழைய ரேடியம் கடிகாரம் இன்று ஏன் ஒளிரவில்லை என்றும் கேட்கலாம். பலரும் ரேடியம் தீர்ந்துவிட்டது என்பார்கள். நூறு ஆண்டில் தீர்வது நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே. கெட்டுப்போனது துத்தநாக சல்ஃபைடு. ஒளி நின்ற அந்தக் கடிகாரத்தைக் கழற்றிச் சுரண்டினால் தூசியில் ரேடியம் அப்படியே இருக்கும். பழைய பொருள் வாங்கி விற்கும் கடைகளில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். என் மாணவர்களில் எல்லாரும் கல்லூரிக்குப் போவதில்லை. சிலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கும் போகிறார்கள். அங்கே ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, ஒன்றும் ஆகாது என்று யாராவது சொல்வார்கள். அப்போது ‘இதில் என்ன இருக்கிறது? நீங்கள் ஏன் கையுறை போட்டிருக்கிறீர்கள்?’ என்று என் மாணவி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குத் தேவைப்படும் வேதியியலை வைத்திருப்பவர்கள் நீங்களும் நானும்தான்.

நான் வகுப்பில் நடத்திய பாடத்தை எட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ரேடியத்தின் இடம், பிரிப்பு, சிதைவு, அந்த ஐந்து பெண்களின் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. திருத்துங்கள், சுருக்குங்கள், வேறு மாதிரி எழுதுங்கள், என் பெயர் எங்கும் வர வேண்டாம். எப்போது கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன்.

ரேடியம் என்ற பெயர் ஏன் வந்தது என்று அந்தப் பையனுக்கும் சொல்லிவிட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றது நான்கு மாதம் கழித்துத்தான் முடிந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, அண்ணன் இன்னும் பல்லால்தான் உரிக்கிறான் என்றான். ரேடியம் இல்லாவிட்டாலும் அதில் பசை இருக்கிறது, நகத்தால் உரிக்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியை,
நாமக்கல் மாவட்டம்